நூற்றெண்பது வோல்ட்டை ஐந்து வோல்ட்டால் ஆள்வது

டெஸ்டருக்குள் எரியும் விளக்கு

எலக்ட்ரீஷியனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். அதன் முனையைப் பிளக் ஓட்டைக்குள் விட்டு, பின்பக்கத் தகட்டில் விரலை வைத்தால் உள்ளே ஒரு சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும். அந்த நேரத்தில் 230 வோல்ட் மின்சாரம் விளக்கைக் கடந்து, நம் உடலைக் கடந்து தரைக்குத்தான் போகிறது. ஆனாலும் நமக்கு ஷாக் அடிப்பதில்லை. ஏன் என்று யோசிக்காதவர்கள் குறைவு.

கூர்ந்து பார்த்தால் இன்னொரு புதிரும் உண்டு. அந்த விளக்கில் இழை கிடையாது. இரண்டு குட்டிக் கம்பிகள், நடுவில் கொஞ்சம் நியான் வாயு, அவ்வளவுதான். வாயு குமிழ் முழுவதும் நிறைந்திருக்கிறது. ஒளி மட்டும் கம்பிகளை ஒட்டியே நிற்கிறது, வேறெங்கும் பரவுவதில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தவர் ஒரு நிக்ஸி கடிகாரத்தைக் கட்டத் தயாராகிவிட்டார் என்றே சொல்லலாம். நிக்ஸி குழல் என்பது டெஸ்டர் விளக்கின் நெருங்கிய உறவுக்காரர். அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு கண்ணாடிக் குழலுக்குள் 0 முதல் 9 வரை பத்து எண்களும் மெல்லிய கம்பியாகவோ தகடாகவோ வெட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு முன்னால் ஒரு வலை. உள்ளே பெரும்பாலும் நியான். வோல்ட் மீட்டர்களிலும், ஆய்வகங்களின் எண்ணும் கருவிகளிலும், மேசைக் கணக்கு இயந்திரங்களிலும் இருபது ஆண்டுகளுக்கு இதுதான் எண்களைக் காட்டியது. எல்இடி வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. ஆனால் சோவியத் ஆலைகள் செய்து குவித்துவிட்டுப்போன குழல்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் கடிகாரம் கட்டுகிறவர்கள் அவற்றைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ளப்போவது ஐஎன்-14 என்ற சோவியத் குழல். எண்ணின் உயரம் 18 மில்லிமீட்டர். இதை எரிய வைக்க 170 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நேரத்தைக் கணக்கிடும் சிப்போ ஐந்து வோல்ட்டில் ஓடுகிறது. ஐந்து வோல்ட் சொல்வதை நூற்றெண்பது வோல்ட்டைக் கேட்க வைக்கும் பகுதிக்கு டிரைவர் சர்க்யூட் என்று பெயர். இந்த நூலில் இயக்கிச் சுற்று என்போம். அதை வடிவமைப்பதில் பாதி வேலை, குழலுக்குள் இருக்கும் வாயுவின் குணத்தைத் தெரிந்துகொள்வதுதான்.

ஒளி ஏன் எண்ணை ஒட்டிக்கொள்கிறது

குழலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு கேத்தோடு, அதாவது எதிர்மின்வாய். வலை, ஆனோடு என்கிற நேர்மின்வாய். வலைக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்து, 7 என்ற எண்ணின் கம்பியை மட்டும் பூஜ்ய வோல்ட்டோடு இணைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

வாயுவில் எந்த நேரமும் ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் தனித்துத் திரியும். வெளிச்சமோ இயற்கைக் கதிரியக்கமோ அவற்றைப் பிய்த்துவிட்டிருக்கும். மின்னழுத்தம் போதுமான அளவு இருந்தால் அந்த எலக்ட்ரான் வலையை நோக்கிப் பாய்கிறது. வழியில் நியான் அணு ஒன்றில் மோதி இன்னோர் எலக்ட்ரானை உதிர்க்கிறது. இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. எலக்ட்ரானை இழந்த நியான் அணு நேர்மின் அயனியாகி, எதிர்த்திசையில் 7ஐ நோக்கி ஓடி அதன் உலோகத்தில் மோதுகிறது. அந்த மோதலில் உலோகத்திலிருந்து புதிய எலக்ட்ரான் கிளம்புகிறது. இப்படி ஒரு சுற்று தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நிலை வந்ததும் குழல் பற்றிக்கொள்கிறது. முதல் எலக்ட்ரானுக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால், கும்மிருட்டில் இருக்கும் குழல் வெளிச்சத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் தாமதமாகவே பற்றும்.

பற்றியபின் மின்னழுத்தம் குழல் முழுவதும் சீராகப் பரவி நிற்பதில்லை. பெரும்பகுதி, கேத்தோடுக்கு முன்னால் உள்ள மிகக் குறுகிய இடைவெளியிலேயே விழுந்துவிடுகிறது. உலோகத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் அந்தக் குறுகிய தூரத்துக்குள்ளேயே முழு வேகத்தை எட்டி, அங்கேயே நியான் அணுக்களில் மோதி அவற்றை ஒளிர வைக்கிறது. அதனால்தான் ஒளி உலோகத்தை ஒட்டி, மெல்லிய உறைபோல நிற்கிறது. உலோகம் 7 என்ற வடிவத்தில் வளைந்திருந்தால் ஒளியும் 7 ஆகவே இருக்கும். மற்ற ஒன்பது எண்கள் அதே வாயுவில் நின்றாலும், அவற்றின் மேல் அயனிகள் அந்த வேகத்தில் மோதாதவரை இருண்டே இருக்கும்.

டெஸ்டரிலும் நடப்பது இதுதான். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவதால் இரண்டு கம்பிகளும் மாறி மாறிக் கேத்தோடு ஆகின்றன. நம் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து எரிவதாகத் தெரிகிறது. நேர்மின்சாரம் கொடுத்தால் ஒரு கம்பி மட்டுமே ஒளிரும்.

பற்ற ஒரு அளவு, நிற்க ஒரு அளவு

ஐஎன்-14 பற்றிக்கொள்ள ஏறக்குறைய 170 வோல்ட் வேண்டும். பற்றிக்கொண்ட பிறகு அதன் இரு முனைகளுக்கிடையே 140 வோல்ட் அளவுதான் நிற்கும். முதலாவதைப் பற்றுமின்னழுத்தம் என்றும், இரண்டாவதை நிலைமின்னழுத்தம் என்றும் அழைப்போம்.

சாதாரண குண்டு பல்பில் வோல்ட்டைக் கூட்டினால் மின்னோட்டமும் கூடும். இரண்டும் சேர்ந்தே ஏறும். நிக்ஸி குழல் அப்படியல்ல. மின்னோட்டத்தைக் கூட்டினால் வோல்ட் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். எண்ணின் மேல் ஒளி படரும் பரப்புதான் கூடும். குறைந்த மின்னோட்டத்தில் 7இன் தலைக்கோடு மட்டும் எரிந்து, கால் பகுதி இருண்டிருக்கும். மெல்ல மெல்லக் கூட்டினால் ஒளி கம்பியின் வழியே ஊர்ந்து போய்க் கடைசி நுனி வரை எட்டுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழு எண்ணும் ஒளியால் மூடப்பட்ட பிறகு இன்னும் கூட்டினால்தான் வோல்ட் ஏறத் தொடங்கும். அந்த நிலையில் நீண்ட நேரம் ஓட்டினால் குழலின் ஆயுள் குறையும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. மிகக் குறைவாகக் கொடுத்தால் எண் பாதிதான் எரியும். மிக அதிகமாகக் கொடுத்தால் குழல் சீக்கிரம் கெடும். ஐஎன்-14க்கு 2.5 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது; ஏறக்குறைய 2 மில்லிஆம்பியர் என்பது நிம்மதியான அளவு. ஆனால் 180 வோல்ட்டை நேரடியாகக் குழலில் கொடுத்தால் இந்த அளவில் நிற்க வைக்க எதுவும் இல்லை. குழல் 140க்கு மேல் ஏற்காது, மின்வழங்கி 180க்குக் கீழே இறங்காது. நடுவில் உள்ள 40 வோல்ட்டுக்கு இடம் இல்லாமல் மின்னோட்டம் தறிகெட்டு ஏறிவிடும்.

அந்த 40 வோல்ட்டைத் தாங்க ஒரு ஆள் வேண்டும். அதுதான் ஆனோடு ரெசிஸ்டர்.

ஒரு ரெசிஸ்டரின் கணக்கு

ஒரு குழலை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்.

மின்வழங்கி 180 வோல்ட். குழல் எடுத்துக்கொள்வது 140. மீதி 40 வோல்ட் ரெசிஸ்டர்மேல் விழ வேண்டும். அதன் வழியே 2 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். 1000 ஓம் ரெசிஸ்டர்மேல் ஒரு வோல்ட் விழுந்தால் ஒரு மில்லிஆம்பியர் ஓடும். 40 வோல்ட் விழும்போது 2 மில்லிஆம்பியர் ஓட வேண்டுமென்றால் 20,000 ஓம் தேவை. கடையில் சுலபமாகக் கிடைக்கும் அடுத்த அளவு 22,000 ஓம். கடைக்காரரிடம் 22 கே என்று கேட்க வேண்டும். அதைப் போட்டால் 1.8 மில்லிஆம்பியர் ஓடும். எண் முழுவதும் எரியும், வரம்பும் தாண்டாது. ரெசிஸ்டரில் வெப்பமாகப் போவது 0.07 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகத் தாங்கும்.

இப்போது மின்வழங்கி கொஞ்சம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 170க்கு இறங்கினால் ரெசிஸ்டர்மேல் 30 வோல்ட், மின்னோட்டம் 1.4 மில்லிஆம்பியர். 190க்கு ஏறினால் 50 வோல்ட், 2.3 மில்லிஆம்பியர். இரண்டிலும் எண் எரியும், குழலுக்கு ஆபத்தில்லை. ரெசிஸ்டர்மேல் வெறும் 10 வோல்ட் மட்டும் விழும்படி கணக்கிட்டிருந்தால், அதே 10 வோல்ட் ஏற்றம் மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கிவிடும். ஆக, ரெசிஸ்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வோல்ட் ஒதுக்குவதுதான் சீரான ஒளிக்கு வழி.

அப்படியானால் 400 வோல்ட் கொடுத்து, பெரிய ரெசிஸ்டராகப் போட்டால் இன்னும் சீராக இருக்குமே? இருக்கும். ஆனால் 260 வோல்ட் ரெசிஸ்டரில் வீணாகும். குழல் பயன்படுத்துவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் வெறும் சூடாகப் போகும். இன்னொரு பெரிய தடையும் உண்டு. அது எண்களை அணைப்பது பற்றியது. கொஞ்சம் பொறுத்து வருவோம்.

டெஸ்டர் நம்மைக் காப்பாற்றுவதும் இதே முறையில்தான். அதில் விளக்கோடு தொடராக ஒரு பெரிய ரெசிஸ்டர் இருக்கிறது. பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கும். 230 வோல்ட்டில் அது விடும் மின்னோட்டம் கால் மில்லிஆம்பியரைத் தொடாது. விளக்கு எரிய அது போதும், நமக்கு உறைக்க அது போதாது.

ஒரு குழலுக்கு ஒரு ரெசிஸ்டர் போதும், பத்து எண்களுக்குப் பத்து வேண்டாம். ஒரே நேரத்தில் ஓர் எண்தான் எரிகிறது. அதனால் அதை வலையின் பக்கம், அதாவது ஆனோடில் போட்டுவிடலாம். ஆனால் மணி, நிமிடம், நொடி காட்டும் கடிகாரத்தின் ஆறு குழலுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடக் கூடாது. முதலில் பற்றிக்கொள்ளும் குழல் ஆனோடை 140 வோல்ட்டுக்கு இறக்கிவிடும். மற்ற ஐந்துக்கும் பற்ற 170 கிடைக்காது.

அறுபது வோல்ட் சிப் எப்படிப் பிழைக்கிறது

இனி சுவாரசியமான இடம். பத்து கேத்தோடுகளில் எதைப் பூஜ்ய வோல்ட்டோடு இணைப்பது என்று முடிவு செய்ய ஒரு சிப் இருக்கிறது. அமெரிக்காவில் 74141 என்றும், சோவியத் நாட்டில் கே155ஐடி1 என்றும் பெயர். நான்கு கம்பிகளில் 5 வோல்ட் சமிக்ஞையாக ஓர் எண்ணைச் சொன்னால், பத்து வெளியீடுகளில் அதற்குரிய ஒன்றை மட்டும் தரையோடு இணைக்கும். மற்ற ஒன்பதையும் திறந்துவிடும். நிக்ஸி குழலுக்காகவே செய்த சிப் இது.

அதன் தகவல் தாளைப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். வெளியீடு தாங்கும் அளவு 60 வோல்ட் என்றிருக்கும். குழலுக்குக் கொடுப்பதோ 180. மூன்று மடங்கு அதிகமான மின்னழுத்தத்தோடு ஒரு சிப்பை இணைத்தால் அது கணத்தில் எரிந்துபோக வேண்டும். ஆனால் இந்தச் சிப் பல ஆண்டுகள் ஓடுகிறது.

7 எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கேத்தோடு ஏறக்குறைய பூஜ்யம். குழல் 140இல் நிற்பதால் வலையும் 140 வோல்ட்டில்தான் இருக்கிறது, 180இல் இல்லை. மீதி 40 வெளியே ரெசிஸ்டரில் விழுந்துவிட்டது. பக்கத்தில் உள்ள 3, எங்கும் இணைக்கப்படாமல் ஒளிரும் வாயுவுக்கு அருகில் நிற்கிறது. வாயுவிலிருந்து அதன் மேல் மின்துகள்கள் வந்து சேர, அதன் மின்னழுத்தம் தானாக மேலே ஏறுகிறது. 60 வோல்ட்டைத் தொட்டதும் சிப்புக்குள் உள்ள ஒரு பாதுகாப்பு அமைப்பு அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அதற்குமேல் வரும் சிறு மின்னோட்டத்தை வாங்கித் தரைக்கு அனுப்பிவிடுகிறது.

இப்போது வலை 140இல், 3 என்ற எண் 60இல். இடையே 80 வோல்ட். ஓர் எண் எரிந்துகொண்டிருக்க வேண்டிய நிலைமின்னழுத்தமே 140. 80இல் அது எரிய வாய்ப்பில்லை. ஓர் எண்ணை அணைக்க அதை 180 வோல்ட்டுக்குத் தூக்க வேண்டியதில்லை, முழுவதுமாகத் துண்டிக்கவும் வேண்டியதில்லை. இடைவெளியை எரியும் அளவுக்குக் கீழே வைத்தால் போதும். சிப்புக்கு உண்மையில் வரும் சுமை 60 வோல்ட்தான். மீதியைக் குழலும் ரெசிஸ்டரும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டுவிட்டன.

எல்லா எண்களையும் ஒரேயடியாக அணைக்கும்போதும் கணக்கு சரியாக வருகிறது. எதுவும் எரியாததால் ரெசிஸ்டரில் மின்னோட்டம் இல்லை. வலை 180க்கு ஏறும். கேத்தோடுகள் 60இல் பிடிக்கப்பட்டிருக்கும். இடைவெளி 120. இதுவும் 140க்குக் கீழேதான். மின்வழங்கியை 200க்கு மேல் ஏற்றினால் இந்த இடைவெளி 140ஐத் தொட்டுவிடும். அணைத்த பிறகும் எண்கள் மங்கலாக ஒளிரத் தொடங்கும். 400 வோல்ட் யோசனை இங்கேதான் அடிபட்டுப் போகிறது. 180 என்பது பற்றுவதற்குப் போதுமான, அணைப்பதற்கு மிஞ்சாத அளவு.

இந்தச் சிப்புகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை, பழைய இருப்புதான். கிடைக்காதவர்கள் எம்பிஎஸ்ஏ42 என்ற டிரான்சிஸ்டரைப் பயன்படுத்துகிறார்கள். அது 300 வோல்ட் தாங்கும்; 60 வோல்ட் நுணுக்கம் எதுவும் தேவையில்லை. ஓர் எண்ணுக்கு ஒன்று வீதம் ஆறு குழலுக்கு அறுபது வேண்டும் என்று தோன்றும். ஆனால் மணியின் முதல் இலக்கம் 0, 1, 2 மட்டுமே. நிமிடத்துக்கும் நொடிக்கும் முதல் இலக்கம் 0 முதல் 5 வரை. மூன்றும் ஆறும் ஆறும், கூடவே பத்து எண்ணும் தேவைப்படும் மூன்று குழல்கள். கூட்டினால் 45 டிரான்சிஸ்டர் போதும். இத்தனையையும் சால்டர் வைத்துப் பற்றவைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு எச்வி5622 போன்ற சிப் உண்டு. 200 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் 32 வெளியீடுகள் அதில் இருக்கின்றன.

பன்னிரண்டிலிருந்து நூற்றெண்பது

180 வோல்ட் எங்கிருந்து வரும்? சுவரில் 230 இருக்கிறதே, நாலு டயோடு போட்டு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சி 325 வோல்ட். அதைவிட முக்கியம், அப்படி எடுத்தால் கடிகாரத்தின் ஒவ்வொரு கம்பியும் வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். ஒரு திருகைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. கடையில் விற்கும் 12 வோல்ட் அடாப்டரை எடுத்து, அதிலிருந்து 180ஐ நாமே உருவாக்குவதுதான் சரியான வழி.

மாடித் தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் தடாலென்று அதிரும். ஓடிவந்த தண்ணீர் நிற்க மறுத்து, அந்த ஒரு கணம் மோட்டார் கொடுப்பதைவிடப் பல மடங்கு அழுத்தத்தைக் காட்டும். சுருளாகச் சுற்றிய கம்பியில் ஓடும் மின்னோட்டமும் இப்படித்தான். சட்டென்று வழியை அடைத்தால், ஓடிக்கொண்டே இருக்க அது எவ்வளவு வோல்ட் தேவையோ அவ்வளவையும் எழுப்பும். எழும்பும் அந்த வோல்ட்டை, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு வழியாக ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்துக்கொண்டால் 12 வோல்ட்டிலிருந்து 180 கிடைத்துவிடும். இதற்குப் பூஸ்ட் சுற்று என்று பெயர்.

ஆறு குழலுக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? குழலுக்கு 1.8 மில்லிஆம்பியர் வீதம் கிட்டத்தட்ட 11 மில்லிஆம்பியர். 180 வோல்ட்டில் அது 2 வாட். வழியில் வீணாவதையும் சேர்த்து 2.5 வாட் என்று கொள்வோம். 100 மைக்ரோஹென்றி சுருள் ஒன்றை எடுத்து 12 வோல்ட்டில் இணைத்தால், மின்னோட்டம் ஓர் ஆம்பியரை எட்ட எட்டு மைக்ரோநொடிக்குச் சற்று அதிகமாகும். அப்போது சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஒரு ஜூலின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நொடிக்கு ஐம்பதாயிரம் முறை இப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கொட்டினால் சரியாக 2.5 ஜூல், அதாவது 2.5 வாட். நம் தேவை அவ்வளவுதான்.

மின்னோட்டத்தை விட்டும் அடைத்தும் தரும் வேலையை ஐஆர்எஃப்740 போன்ற மாஸ்ஃபெட் செய்கிறது. அது 400 வோல்ட் தாங்கும். டயோடைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1என்4007 டயோடு எல்லா வீட்டு டப்பாவிலும் கிடக்கும். ஆயிரம் வோல்ட் தாங்கும். ஆனால் நம் சுருள் தன் ஆற்றலைக் கொட்டி முடிக்க எடுத்துக்கொள்வது 0.6 மைக்ரோநொடிதான். 1என்4007 வழியை மூடிக்கொள்ளவே சில மைக்ரோநொடிகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சேர்த்ததில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். டயோடும் மாஸ்ஃபெட்டும் கொதிக்கும், வோல்ட் ஏறாது. யுஎஃப்4004 ஐம்பது நானோநொடியில் மூடிக்கொள்ளும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கினால் இவையெல்லாம் கிடைத்துவிடும். குழல் மட்டும்தான் கடல் கடந்து வர வேண்டும்.

180ஐ எட்டியதும் நிறுத்தச் சொல்ல ஒரு கண்காணிப்பும் தேவை. இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 180இன் ஒரு சிறு பங்கை எடுத்துக் கட்டுப்பாட்டுச் சிப்புக்குக் காட்டுவார்கள். எம்சி34063 என்ற சிப் 1.25 வோல்ட்டை எதிர்பார்க்கும்; ஆகவே 144இல் ஒரு பங்கு. இந்த இரண்டில் 180 வோல்ட் பக்கம் உள்ள ரெசிஸ்டரின் பற்றவைப்பு விட்டுப்போனால் சிப்புக்கு எதுவும் தெரியாது. அது மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போய் 250 வோல்ட் கெப்பாசிட்டரை வெடிக்க வைத்துவிடும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது குழல்களை மாட்டாமல், மீட்டரை வைத்து 180 நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போவது இதனால்தான்.

அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 180 வோல்ட் தங்கியிருக்கும். 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 470 கே ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் பத்துப் பன்னிரண்டு நொடியில் அது வடிந்துவிடும். பற்றவைக்கும் கையைக் காப்பாற்றும் மலிவான பாகம் அது. அப்படியிருந்தும் தொடுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்ப்பதே வழக்கம்.

ஒரு சிப்பை ஆறு குழல் பகிர்ந்துகொண்டால்

சிப் கிடைப்பது அரிது என்றால், ஆறு குழலுக்கும் ஒன்றே போதும்படி செய்ய முடியாதா? முடியும். ஆறு குழலின் 7களையும் ஒன்றாக இணைத்து, எட்டுகளையும் ஒன்றாக இணைத்து, பத்துக் கம்பியையும் ஒரே சிப்புக்குக் கொடுக்கலாம். எந்தக் குழல் எரிய வேண்டும் என்பதை ஆனோடு பக்கம் ஆறு சுவிட்சுகள் முடிவு செய்யும். ஒவ்வொரு குழலுக்கும் 2 மில்லிநொடி வீதம் வரிசையாக எரிய விட்டால் ஒரு சுற்றுக்கு 12 மில்லிநொடி. நொடிக்கு 83 சுற்று. கண்ணுக்கு ஆறும் சேர்ந்தே எரிவதுபோலத் தெரியும். இதைச் சுழற்சி முறை எனலாம்.

சிக்கனம்தான், ஆனால் இதற்கும் விலை உண்டு. ஆனோடு சுவிட்ச் 180 வோல்ட்டின் உச்சியில் உட்கார்ந்திருப்பதால் ஐந்து வோல்ட் சிப் அதோடு நேராகப் பேச முடியாது. குழலுக்கு ஒன்றாக எம்பிஎஸ்ஏ92 என்ற மேல்பக்க டிரான்சிஸ்டரும், அதைத் தட்டி எழுப்ப எம்பிஎஸ்ஏ42 ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு குழலும் ஆறில் ஒரு பங்கு நேரம்தான் எரிவதால் ஒளி மங்கும். ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் ஒரே குழல் அந்தக் கூட்டிய மின்னோட்டத்தை நிறுத்தாமல் வாங்கி வீணாகும்.

இன்னொரு தொல்லை, ஆவி எண்கள். ஒரு குழலை அணைத்ததும் வாயுவில் உள்ள அயனிகள் உடனே மறைந்துவிடுவதில்லை. கம்பிகளில் தேங்கிய மின்னூட்டமும் வடிய நேரம் எடுக்கும். அதற்குள் அடுத்த குழலுக்கான எண்ணை மாற்றிவிட்டால், பழைய குழலில் அந்தப் புதிய எண் மங்கலாகத் தெரியும். ஒரு குழலை அணைத்து, கொஞ்ச நேரம் எதையும் எரிக்காமல் இருந்து, அதன்பின் அடுத்ததை எரிப்பதுதான் தீர்வு. இரண்டு மில்லிநொடியில் கால் மில்லிநொடியை இருட்டுக்கு ஒதுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதல் கடிகாரம் கட்டுபவர் குழலுக்கு ஒரு சிப் என்ற நேரடி முறையையே எடுப்பது நல்லது. சிப் அதிகம், ஆனால் எது கெட்டாலும் ஒரு குழலோடு நிற்கும், எங்கே கோளாறு என்று தேடுவதும் சுலபம்.

காட்டாத எண் கெட்டுப்போகும்

இயக்கிச் சுற்று நன்றாக ஓடினாலும் சில மாதங்களில் ஒரு விசித்திரம் தெரியலாம். மணியின் முதல் இலக்கம் ஒரு நாளில் பத்து மணி நேரம் 0, பத்து மணி நேரம் 1, நாலு மணி நேரம் 2. மற்ற ஏழு எண்களும் அந்தக் குழலில் ஒரு நாளும் எரிவதில்லை. பிறகு எப்போதாவது அந்தக் குழலை வேறு இடத்துக்கு மாற்றினால், 8 திட்டுத் திட்டாக எரியும்.

எரியும் எண்ணின் மேல் அயனிகள் மோதும்போது எலக்ட்ரான் மட்டும் கிளம்புவதில்லை. உலோகத் துகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெறிக்கிறது. தெறித்தது அக்கம்பக்கத்தில் சும்மா நிற்கும் எண்களின் மேல் படிகிறது. படிந்த இடத்திலிருந்து எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பாததால் அங்கே ஒளி ஒட்டாது. இதைக் கேத்தோடு நஞ்சேறல் என்பார்கள். தெறிப்பைக் குறைக்கத்தான் பல குழல்களில் கொஞ்சம் பாதரசம் சேர்த்தார்கள்.

நஞ்சேறிய எண்ணுக்கு மருந்து, அதையே எரிய விடுவதுதான். எரியும்போது அயனிகள் மோதி, மேலே படிந்ததைப் பெயர்த்துவிடும். ஆகவே கடிகாரக்காரர்கள் நிரலில் ஒரு வழக்கத்தைச் சேர்க்கிறார்கள்: குறிப்பிட்ட இடைவெளியில் ஆறு குழல்களும் 0 முதல் 9 வரை வேகமாக ஓடிவிட்டு நேரத்துக்குத் திரும்பும். விருந்தாளிகள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது பராமரிப்பு.

இதைச் செய்ய வேண்டுமென்றால் இயக்கிச் சுற்றில் எல்லாக் குழலுக்கும் பத்து எண்களும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். 45 டிரான்சிஸ்டரில் முடித்துச் சேமித்தவர், மணியின் முதல் குழலில் 8ஐ எரிய வைக்க முடியாது. அதை அப்படியே விட்டுவிடுவதா, பதினைந்து டிரான்சிஸ்டரைக் கூடுதலாகப் பற்றவைப்பதா என்பதைப் பலகையை வரையும்போதே முடிவு செய்ய வேண்டும். குழலைப் பிற்பாடு இடம் மாற்றப்போவதில்லை என்றால் 45 போதும். மாற்றி மாற்றிப் போட்டு எல்லாக் குழலையும் சமமாக உழைக்க வைக்க நினைத்தால் 60தான் சரி.

சுற்று தயார். எந்த எண்ணை எரிய வைப்பது என்று அதற்கு ஐந்து வோல்ட்டில் சொல்ல ஒருவர் வேண்டும். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்து ஒரு நொடியை எடுப்பது எப்படி, வெயில் ஏறினால் அந்த நொடி ஏன் நீள்கிறது என்பவை அடுத்த அத்தியாயத்தின் வேலை.